ஊசி ஏறும் நேரத்தில் எந்தப் பாட்டு?

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

சென்ற இதழில் கண்புரை அறுவை பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, “பிடித்த பாட்டைக் காதில் போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்” என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். இந்த மாதத் தபாலில் பாதி அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள். ஆகவே சர்க்கரையும் தூக்கமின்மையும் அடுத்த இதழ்வரை காத்திருக்கட்டும். பணிக்காலம் முழுவதும் மயக்க மருந்து கொடுத்து ஓய்வுபெற்றவள் நான். சங்கீதம் படித்தவள் அல்ல. ராகத்தில் பிழை இருந்தால் கடிதம் எழுதுங்கள். மருந்தில் பிழை இருந்தால் உடனே தொலைபேசியில் கூப்பிடுங்கள்.

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். என் தாயாருக்கு 68 வயது. முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்குத் தேதி குறித்திருக்கிறார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்களாம், முழு மயக்கம் கிடையாதாம். “அறுப்பதும் தட்டுவதும் காதில் விழுமே, நான் எப்படிப் படுத்திருப்பேன்?” என்று அம்மா இரவெல்லாம் புலம்புகிறார். ஹெட்போன் மாட்டிவிடலாமா? எந்தப் பாட்டு நல்லது?
– ஒரு வாசகி, ராஜபாளையம்

பதில்: உங்கள் அம்மா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. முதுகில் போடும் ஊசி வலியை நிறுத்தும், சத்தத்தை நிறுத்தாது. இந்த அறுவையில் எலும்பின் நுனியை ரம்பத்தால் சீவுவார்கள். புதிய மூட்டைப் பொருத்தும்போது சுத்தியலால் தட்டுவார்கள். தட்டுவது வலிக்காது, ஆனால் அதிர்வு உடம்பு வழியாக ஏறித் தோள்வரை தெரியும். ரத்தத்தை உறிஞ்சும் குழாய் கொறகொறவென்று இழுக்கும். கருவிகள் தட்டில் விழும். நடுவே யாராவது “இன்னும் 2 மில்லிமீட்டர்” என்பார். நெஞ்சுக்கு மேலே பச்சைத் துணியைத் திரையாகக் கட்டிவிடுவதால் படுத்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. கேட்பதை வைத்து மனத்துக்குள் ஒரு படம் வரைந்துகொள்கிறார். அந்தப் படம் திரைக்கு அப்பால் நடப்பதைவிடக் கோரமாகத்தான் இருக்கும். இடுப்புக்குக் கீழே கிள்ளினால்கூடத் தெரியாத நிலையில் இருக்கிறவரின் நாடித்துடிப்பு, ரம்பம் ஓடத் தொடங்கிய மாத்திரத்தில் 76-இலிருந்து 110-க்குத் தாவுவதை மானிட்டரில் பார்த்தவள் நான்.

ஆகவே தாராளமாக மாட்டலாம். ஆனால் அறுவை நாள் காலையில் போய்க் கேட்காதீர்கள். முந்தின நாள் மயக்க மருத்துவர் உங்கள் அம்மாவைப் பரிசோதிக்க வருவார். பல் ஆடுகிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்றெல்லாம் கேட்பார். அப்போது சொல்லிவையுங்கள். அறுவை செய்பவர் கால்மாட்டில் வேலையாக இருப்பார். உங்கள் அம்மாவின் தலைமாட்டில் கடைசிவரை நிற்கப்போவது மயக்க மருத்துவர்தான். அவர் சம்மதித்தால் போதும்.

தியேட்டருக்குள் சிக்னலை நம்ப முடியாது. பாட்டுகள் போனிலேயே பதிவாகி இருக்கட்டும். இடையிடையே விளம்பரம் வரும் செயலி கூடவே கூடாது. எலும்பைச் சீவும் நேரத்தில் நகைக்கடைக்காரர் ஆடித் தள்ளுபடி அறிவித்தால் நன்றாகவா இருக்கும்? அழைப்புகள் வராதபடி போனை அடைத்துவையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பெரியம்மா கூப்பிட்டு, “ஆபரேஷன் முடிந்துவிட்டதா?” என்று அம்மாவிடமே விசாரிப்பார். சத்தம் எவ்வளவு என்று கேட்டால், பக்கத்தில் நிற்பவர் சாதாரணக் குரலில் பேசுவது காதில் விழ வேண்டும். “மூச்சு சிரமமாக இருக்கிறதா அம்மா?” என்று கேட்டால் அவர் பதில் சொல்லியாக வேண்டும். ஒரு காதில் மட்டும் மாட்டுவது எனக்குப் பிடித்த ஏற்பாடு. முதுகில் ஊசி போடும் அந்தச் சில நிமிடங்களுக்கு இரண்டையும் கழற்றிவிடுங்கள். “முதுகை வளையுங்கள், அசையாதீர்கள்” என்று நாங்கள் சொல்வது அப்போது தெளிவாகக் கேட்க வேண்டும்.

பாட்டைத் தியேட்டருக்குள் போய்த் தொடங்காதீர்கள். பயம் உச்சத்தில் இருப்பது கத்தி வைக்கும்போது அல்ல. கம்மல், வளையல், பல்செட் எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, பச்சை அங்கியோடு ஸ்ட்ரெச்சரில் வெளியே காத்துக்கிடக்கும் நேரத்தில். அங்கேயே தொடங்கிவிடுங்கள். காத்திருப்பு, அறுவை, பிறகு கண்காணிப்பு அறை என்று கணக்குப் பார்த்தால் 3 மணி நேரப் பாட்டாவது வேண்டும்.

எந்தப் பாட்டு என்று என்னைக் கேட்டிருக்கிறீர்கள். அம்மாவைக் கேட்டீர்களா? அவருக்கு முருகன் பாட்டு பிடிக்குமா, நாதஸ்வரமா, பழைய சினிமாப் பாட்டா, இல்லை வானொலி நாடகமா? எதுவானாலும் சரி. 2015-இல் ‘லான்செட்’ இதழில் ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்தது. 73 சோதனைகள், ஏறக்குறைய 7,000 நோயாளிகள். அறுவைக்கு முன்போ, நடுவிலோ, பின்போ இசை கேட்டவர்களுக்கு அறுவைக்குப் பிந்தைய வலியும் பதற்றமும் குறைந்தன. வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. இன்ன இசைதான் என்பதாலோ, இன்ன நேரத்தில் கேட்டார்கள் என்பதாலோ பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மருத்துவமனையில் தங்கும் நாட்கள் குறையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாட்டுக் கேட்டால் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அம்மாவிடம் ஆசை காட்டாதீர்கள்.

கேள்வி: எனக்கு வந்த வாட்ஸ்அப் செய்தியில், ரத்த அழுத்தத்துக்கு ஆனந்தபைரவி, இன்ன வலிக்கு இன்ன ராகம் என்று நீண்ட பட்டியல் இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதர் தம் சீடர் தம்பியப்பனின் வயிற்றுவலி தீர நவக்கிரகக் கீர்த்தனை பாடியதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். எனக்குச் சிறுநீரகக் கல்லை உடைக்கும் சிகிச்சை செய்ய இருக்கிறார்கள். எந்த ராகம் கேட்கலாம்?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: அந்தப் பட்டியலை எனக்கும் சொந்தக்காரர்கள் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொரு முறை வரும்போதும் அதில் ஒரு நோய் கூடியிருக்கிறது.

தம்பியப்பன் கதை எனக்கும் பிடிக்கும். ஆனால் அதை ராகப் பட்டியலுக்குச் சாட்சியாக அழைக்காதீர்கள். கதைப்படி குரு தம் சீடனை அறிந்தவர். அவன் ஜாதகத்தைப் பார்த்து, அவனுக்கென்றே ஒன்றைப் பாடித் தந்தார். ஊரில் வயிற்றுவலி உள்ள எல்லாருக்கும் அதை எழுதிக் கொடுத்ததாகக் கதையில் இல்லை.

இன்னும் பழைய சாட்சி வேண்டுமென்றால் புறநானூற்றில் 281-ஆம் பாட்டைப் பாருங்கள். அரிசில்கிழார் பாடியது. போரில் புண்பட்டுக் கிடக்கிறான் ஒருவன். வீட்டில் இரவமரத் தழையும் வேப்பிலையும் செருகி, யாழோடு பல வாத்தியங்கள் ஒலிக்க, ஐயவி என்ற வெண்கடுகைத் தூவி, ஆம்பற்குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சிப் பண் பாடி, நறும்புகை போட்டு அவன் புண்ணைக் காப்போம் வா என்று ஒரு பெண் தோழியை அழைக்கிறாள். மலைபடுகடாமிலோ, புலி பாய்ந்து கணவர் மார்பில் உண்டான புண்ணின் நோவு தணியக் குறமகளிர் பாடுகிறார்கள். நான் இவற்றில் கவனித்தது இரண்டு விஷயங்களை. பாடுகிறவர்கள் அந்த வீட்டுப் பெண்கள். வெளியிலிருந்து வந்த வித்துவான்கள் அல்லர். அடுத்து, பாட்டு இருக்கிறது என்பதற்காக வேப்பிலையையும் ஐயவியையும் யாரும் தள்ளிவைக்கவில்லை.

இனி இன்றைய சோதனைகள். 2006-இல் கிளாஸ்கோவில், ஐஸ் போல் குளிர்ந்த நீரில் கையை விட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் தாங்க முடிகிறது என்று பார்த்தார்கள். ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்த அமைதியான இசையைவிட, தாங்களே கொண்டுவந்த பிடித்த பாட்டைக் கேட்டபோதுதான் நிலைமை தங்கள் கட்டுப்பாட்டில் இருப்பதாகக் கையை விட்டவர்கள் அதிகம் உணர்ந்தார்கள். 2008-இல் மான்ட்ரியலில் கையில் சூடு வைத்துச் சோதித்தபோது இனிமையான இசை வலியைக் குறைத்தது, பிடிக்காத இசை குறைக்கவில்லை. ஆகவே ஆனந்தபைரவி உங்களுக்குப் பிடிக்கும் என்றால் கேளுங்கள். பிடிக்காவிட்டால், பட்டியலில் இருக்கிறது என்பதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்க வேண்டாம்.

உங்கள் சிகிச்சைக்கு ஒரு தனிக் குறிப்பு. கல்லை உடைக்கும் இயந்திரம் சீராக ‘டக், டக்’ என்று அடித்துக்கொண்டே இருக்கும். அடி விழும் இடத்தைவிட அடுத்த அடிக்காகக் காத்திருப்பதுதான் பலரைப் படுத்துகிறது. காதை முழுதாக மூடும் ஹெட்போனும், தாளம் கெட்டியாக உள்ள பாட்டும் இதற்குப் பொருந்தும். ஆலாபனை வேண்டாம், அதன் இடைவெளிகளில் இயந்திரம் உள்ளே நுழைந்துவிடும். தாளத்துக்குத் தலையாட்டுவீர்கள் என்றால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குறி வைத்திருப்பது ஒரு சிறு கல்லின் மேல், நீங்கள் அசையக் கூடாது.

கேள்வி: கவனத்தை வேறு பக்கம் திருப்புவதைத் தவிர இதில் என்ன இருக்கிறது? குழந்தைக்குக் கிலுகிலுப்பை காட்டி ஊசி போடுவதற்கு விஞ்ஞானம் என்று பெயரா? பாட்டுக்கே வலி போகும் என்றால் மயக்க மருத்துவர் எதற்கு?
– ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், நாகர்கோவில்

பதில்: ஐயா, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்தில் வாலஸ் கார்ட்னர் என்று ஒரு பல் மருத்துவர். அவரும் ஒலியியல் ஆய்வாளர் லிக்லைடரும் (பின்னாளில் இணையத்துக்கு வித்திட்டவர்களில் ஒருவராகப் பேசப்பட்டாரே, அவரேதான்) சேர்ந்து ஒரு கருவி செய்தார்கள். நோயாளியின் தலையில் ஹெட்போன், கையில் திருகுகள் வைத்த ஒரு சிறிய பெட்டி. சும்மா இருக்கும்போது இசை ஓடும். பல்லைக் குடையும் இயந்திரம் கிட்டே வந்ததும் நோயாளி திருகைத் திருப்புவார். அருவி கொட்டுவதுபோல ஓர் இரைச்சல் எழும். 1960-இல் ‘சயன்ஸ்’ இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். மரத்துப்போகும் ஊசியே இல்லாமல் பலருக்குப் பல் வேலை முடிந்தது என்றார்கள். பல் மருத்துவர்கள் போட்டி போட்டுக்கொண்டு அந்தக் கருவியை வாங்கினார்கள். சில ஆண்டுகளில் அது பரணுக்குப் போய்விட்டது. எல்லாரிடமும் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை.

ஏன் என்று பார்த்தவர் ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியல் ஆய்வாளர். 1963-இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட சோதனையில், இரைச்சலை மட்டும் கேட்டவர்களுக்குப் பயன் இல்லை. “இது வலியைக் குறைக்கும்” என்ற பேச்சை மட்டும் கேட்டவர்களுக்கும் பயன் இல்லை. இரண்டும் சேர்ந்தபோதுதான் குளிர்நீரில் கை தாங்கிய நேரம் கூடியது. நீங்கள் சொன்ன கிலுகிலுப்பைக் கட்சிக்கு இது ஒரு வெற்றிதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதே மெல்சாக், 1965-இல் பாட்ரிக் வால் என்ற நரம்பியல் ஆய்வாளரோடு சேர்ந்து எழுதிய கட்டுரை வலி பற்றிய எங்கள் பாடத்தையே மாற்றியது. காயத்திலிருந்து கிளம்பும் செய்தி நேராக மூளைக்குப் போய் மணி அடிப்பதில்லை. வழியில் தண்டுவடத்திலேயே ஒரு வாயில் இருக்கிறது. அதை அகலமாகத் திறப்பதும் சிறிதளவே திறப்பதும் கீழிருந்து வரும் மற்ற உணர்வுகளைப் பொறுத்தது. மேலே மூளையிலிருந்து இறங்கி வரும் கட்டளைகளையும் பொறுத்தது. அச்சம், கவனம், எதிர்பார்ப்பு எல்லாம் அந்த மேலிடத்துக் கட்டளையில் சேர்ந்தவை. அந்தக் கோட்பாட்டின் விவரங்களில் பின்னால் எவ்வளவோ திருத்தங்கள் வந்துவிட்டன. மேலிருந்து கட்டளை இறங்குகிறது என்பது மட்டும் நிலைத்துவிட்டது. ஆகவே ‘வெறும் கவனத் திருப்பல்’ என்று நீங்கள் சொல்வதில் ‘வெறும்’ என்பதோடுதான் எனக்குச் சண்டை.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். 2022-இல் சீன, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து எலிகளுக்கு ஒலி கேட்க வைத்தார்கள். இனிய இசை, அதையே அபஸ்வரமாக மாற்றிய இசை, வெறும் இரைச்சல் மூன்றுமே எலிகளின் வலியைக் குறைத்தன. ஒரே நிபந்தனை, சுற்றுப்புறச் சத்தத்தைவிட 5 டெசிபல் மட்டும் கூடுதலாக இருக்க வேண்டும். அதைவிட உரக்க வைத்தால் பயன் போய்விட்டது. மூளையில் எந்த வழியாக இது நடக்கிறது என்றும் காட்டினார்கள். எலியிடம் யாரும் “இது வலியைக் குறைக்கும்” என்று சொல்லி வைக்கவில்லை, பாருங்கள். மனிதருக்கும் அதே 5 டெசிபல் கணக்கு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மெல்லிய சத்தம் போதும் என்று நோயாளிகளிடம் சொல்லும்போது இந்த எலிகளை நினைத்துக்கொள்கிறேன்.

தூங்குகிறவருக்கும் காது அடைபடுவதில்லை போலிருக்கிறது. ஜெர்மனியில் 5 மருத்துவமனைகளில் 385 நோயாளிகளை வைத்து நடந்த சோதனை 2020-இல் வெளிவந்தது. முழு மயக்கத்தில் இருந்தவர்களில் ஒரு பாதிப் பேருக்கு, பின்னணி இசையோடு ஆறுதலான சொற்களை ஹெட்போனில் ஓடவிட்டார்கள். மற்றவர்களுக்கு ஹெட்போன் மட்டும், ஒலி இல்லை. சொற்களும் இசையும் கேட்டவர்களுக்கு விழித்தபின் தேவைப்பட்ட அபின் வகை வலிமருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அதைப் படித்த பிறகு, மயங்கிக் கிடப்பவரின் தலைமாட்டில் அவர் எடையைப் பற்றி யாராவது கேலி பேசினால் நான் விடுவதே இல்லை.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. 2006-இல், மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் தொகுப்பு 51 ஆய்வுகளை அலசியது. இசையால் குறைந்த வலி, 10 புள்ளி அளவுகோலில் சராசரியாக அரைப் புள்ளி. அறுவைக்குப் பின் முதல் 2 மணி நேரத்தில் மிச்சமான மார்ஃபின், சராசரியாக 1 மில்லிகிராம். இவ்வளவுதான். மயக்க மருத்துவர் எதற்கு என்று கேட்டீர்கள் அல்லவா? மீதி ஒன்பதரைப் புள்ளிக்கு, ஐயா. “பாட்டு இருக்கிறதே, ஊசி எதற்கு?” என்று கேட்கும் மருத்துவர் யாராவது இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 6 வயது. வெந்நீர் கொட்டித் தொடையிலும் வயிற்றிலும் புண். ஒன்றுவிட்டு ஒரு நாள் டிரெஸ்ஸிங் மாற்றுகிறார்கள். அறை வாசலிலேயே அலறத் தொடங்கிவிடுகிறாள். போனில் அவளுக்குப் பிடித்த பாட்டைப் போட்டால் போனைத் தட்டிவிடுகிறாள். வீட்டில்கூட இப்போது அந்தப் பாட்டைக் கேட்க மறுக்கிறாள். என்ன செய்வது?
– ஒரு தந்தை, ஓசூர்

பதில்: தம்பி, முதலில் பாட்டை விடுங்கள். டிரெஸ்ஸிங்குக்கு முன்பு குழந்தைக்கு வலி மருந்து கொடுக்கிறார்களா? வாயால் கொடுக்கும் மருந்து வேலை செய்ய அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆகும். உள்ளே கூப்பிட்ட பிறகு கொடுத்தால், கட்டைப் பிரித்துக் கட்டி முடித்து வீட்டுக்குப் போகும் வழியில்தான் அது வேலையைத் தொடங்கும். நேரத்தைக் கேட்டு முன்கூட்டியே கொடுக்கச் சொல்லுங்கள். ஒட்டியிருக்கும் துணியைப் பிய்க்காமல் சலைன் ஊற்றி நன்றாக ஊறவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். அவசரத்தில் இதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். இவ்வளவும் செய்தும் குழந்தை தாங்கவில்லை என்றால், மயக்கம் கொடுத்து மாற்ற முடியுமா என்று கேட்பது உங்கள் உரிமை.

இனி பாட்டு. வீட்டிலும் அந்தப் பாட்டை வெறுக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பலர் கவனிப்பதில்லை. வலியோடு சேர்ந்து ஒலித்த பாட்டு வலியின் பாட்டாகிவிடும். இது தொடர்ந்து நடக்கும் சிகிச்சை. குழந்தையின் செல்லப் பாட்டையும், தூங்கவைக்கப் பாடும் தாலாட்டையும் அங்கே கொண்டுபோகக் கூடாது. அவை வீட்டுக்கு வேண்டும். டிரெஸ்ஸிங்குக்கென்று புதிதாக ஒன்றை அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். வலி இல்லாத நாளில், அவள் நன்றாகச் சிரித்துக்கொண்டிருக்கும்போது அதை அறிமுகப்படுத்துங்கள். மறுநாள் வீட்டிலிருந்து கிளம்பும்போதே தொடங்கிவிடுங்கள். அறை வாசலில் தொடங்கினால் அது அலாரம் ஆகிவிடும்.

வியட்நாமின் தலைநகர் ஹனோயில் 7 முதல் 12 வயதுவரை உள்ள 40 குழந்தைகளிடம் ஒரு சோதனை நடந்தது. ரத்தப் புற்றுநோய்க்காக முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்கும் நேரத்தில் எல்லாருக்கும் காதில் இயர்போன். பாதிப் பேருக்கு மட்டும் உள்ளே இசை. இசை கேட்டவர்கள் சொன்ன வலி குறைவு. நாடித்துடிப்பும் மூச்சும்கூட நிதானமாக இருந்தன. 2010-இல் வெளிவந்தது. உங்கள் மகள் இன்னும் சின்னவள், காதில் எதையாவது மாட்டினால் பிடுங்கி எறிவாள். அவள் வயதுக்குப் போனைவிடப் பாடும் ஆள் நல்லது. நீங்களோ அவள் அம்மாவோ பாடுங்கள். சுருதி சேராவிட்டால் பரவாயில்லை, குழந்தை அதற்காகச் சிரித்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு அடியின் கடைசிச் சொல்லையும் அவள் நிரப்பும்படி விடுங்கள். “நிறுத்து” என்று அவள் கை காட்டினால் சிஸ்டர் பத்து எண்ணும்வரை கையை எடுக்க வேண்டும் என்று முன்பே ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். அந்த ஒப்பந்தத்தைப் பெரியவர்கள் மீறக் கூடாது. நான் பார்த்தவரை, நிறுத்த முடியும் என்று தெரிந்த குழந்தை அதிகம் நிறுத்தச் சொல்வதில்லை.

கேள்வி: எனக்கு சிசேரியன் நடந்தது. முதுகில் ஊசி, முழு நினைவோடு இருந்தேன். தியேட்டரில் குத்துப்பாட்டை அலறவிட்டு, நடுநடுவே தங்களுக்குள் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் குழந்தையின் முதல் அழுகை எனக்குக் கேட்கவே இல்லை. பாட்டு நோயாளிக்கு நல்லது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் கோபம் வந்தது.
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: கோபப்படுங்கள் அம்மா, நானும் கூடவே கோபப்படுகிறேன். அந்தப் பாட்டு உங்களுக்காகப் போட்டது அல்ல. தியேட்டரில் ஒலிக்கும் பாட்டு யார் காதுக்காக என்பதுதான் இந்த விஷயத்தில் முதல் கேள்வி. பலர் அதைக் கேட்பதே இல்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் ஈவன் கேன் என்ற அறுவை மருத்துவர் தியேட்டருக்குள் கிராமபோன் வைத்துக்கொண்டதைப் பற்றி 1914-இலேயே எழுதினார். மயக்கம் ஏறும்வரை நோயாளியின் பயத்தைத் தணிப்பதற்கு என்றுதான் அவர் அதைப் பரிந்துரைத்தார். (1921-இல் தம் குடல்வாலைத் தாமே அறுத்து எடுத்துக்கொண்ட அதே கேன்தான். நோயாளியின் பக்கத்திலிருந்து யோசிப்பது அவருக்குக் கைவந்திருந்தது.) அந்தப் பெட்டி எப்போது நோயாளியின் பக்கத்திலிருந்து மருத்துவர் பக்கத்துக்கு நகர்ந்ததோ!

மருத்துவர்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டு வேலை செய்வதே தவறு என்று சொல்லவில்லை. நீண்ட அறுவைகளில் சிலருக்கு அது கை நிதானம் தருகிறது. ஆனால் பிரிட்டனில் 20 அறுவைகளைப் படம்பிடித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015-இல் வந்தது. பாட்டு ஓடும்போது, கேட்டதையே திரும்பக் கேட்க வேண்டிய நிலை 5 மடங்கு அதிகம் நேர்ந்தது. ‘கத்தரி’ என்றதற்கு ‘என்ன?’ என்று கேட்பது சின்ன விஷயம்தான். ரத்தப்போக்கு நேரத்தில் அது சின்ன விஷயம் அல்ல. மயக்கம் ஏறும்போதும் தெளியும்போதும் தியேட்டரில் பாட்டு கூடாது என்பது என் சட்டமாக இருந்தது; அதனால் சில அறுவை மருத்துவர்களுக்கு என்னைப் பிடிக்காது. சிசேரியனில் குழந்தையை வெளியே எடுக்கும் நேரத்தையும் அதில் சேர்க்க வேண்டும்.

நினைவோடு இருக்கும் நோயாளி “சத்தத்தைக் குறையுங்கள்” என்று சொல்லலாம், சொன்னால் குறைக்கத்தான் வேண்டும். அந்த நிலையில் வாய் வரவில்லை என்பது உங்கள் குற்றமும் அல்ல. நடந்ததைத் தேதியோடு எழுதி மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். அடுத்துப் படுக்கப்போகிறவருக்கு அது உதவும். உங்கள் தங்கைக்கோ தோழிக்கோ பிரசவம் வரும்போது, குழந்தை வெளியே வரும் நேரத்தில் ஹெட்போன் உட்பட எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கும்போது என் ப்ளூடூத் இயர்போனைப் போட்டுக்கொள்ளலாமா?
– ஒரு கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: கூடாது. அது பெரிய காந்தம், எந்த நேரமும் இழுத்துக்கொண்டே இருக்கும். போன், இயர்போன், சாவி எல்லாவற்றையும் வெளியே வைக்க வேண்டும். சத்தம் காதைப் பிளக்கும் என்பதால் காதடைப்பானோ ஹெட்போனோ அவர்களே தருவார்கள். உலோகம் இல்லாமல் காற்றுக் குழாய் வழியாகப் பாட்டு வரும் ஹெட்போன் சில இடங்களில் உண்டு. கேட்டால் உங்கள் பாட்டையே போடுவார்கள். இயந்திரத்தின் இரைச்சலில் சங்கதி எதுவும் கேட்காது. நன்றாக மனப்பாடமான பாட்டாகப் பார்த்துச் சொல்லுங்கள், விட்ட இடங்களை மனம் நிரப்பிக்கொள்ளும்.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது, காது ஏறக்குறைய கேட்காது. சொட்டு மருந்தால் மரத்துப்போகச் செய்து கண்புரை எடுக்கப் போகிறார்கள். பாட்டுக்கு வழியில்லாதவர் என்ன செய்வது?
– ஒரு வாசகர், தரங்கம்பாடி

பதில்: கேட்கும் கருவி வைத்திருக்கிறார் என்றால், அறுவை செய்யாத பக்கத்துக் காதில் அதை விட்டுவைக்க முடியுமா என்று கேளுங்கள். மருத்துவர் “விளக்கைப் பாருங்கள்” என்பதாவது கேட்க வேண்டும். கருவியும் பயன்படாது என்றால் அவருக்கு வேண்டியது ஒரு கை. துணியால் முகத்தை மூடியபின் கண்ணும் காதும் இல்லாமல் கிடப்பவருக்கு அடுத்து என்ன நடக்கிறது என்று சொல்ல அந்தக் கை ஒன்றுதான் இருக்கிறது. ஒரு சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொள்ள முடியுமா என்று முன்பே கேட்டுவையுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். வீட்டிலேயே சில அடையாளங்களை அப்பாவோடு பழகிக்கொண்டு போய் சிஸ்டரிடமும் சொல்லுங்கள். அவர்கள் உள்ளங்கையில் ஒரு முறை தட்டினால் அசையாமல் இருக்க வேண்டும், நீளமாகத் தடவினால் முடியப்போகிறது என்று அர்த்தம். அப்பாவுக்கு வலித்தால் ஒரு முறை அழுத்தட்டும். இருமல் வருவதுபோல் இருந்தால் இரண்டு முறை அழுத்த வேண்டும். இருமி முடித்த பிறகு அல்ல, வருவதற்கு முன்பே.